தராசில் ஏறாத பிள்ளை

“எங்க தெருவுல அத்தினி பேரும் ஒரே புள்ளையத்தான் மாத்தி மாத்தித் தராசுல வெச்சோம்க்கா.”

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. சொன்னவள் மடியில் துணி சுற்றிய ஒரு குழந்தை. பக்கத்தில் இருந்தவள், ஏதோ குழந்தைகள் நலச் சங்கம் சொன்னவளின் ஊரில் நடத்திய கஞ்சி மையத்தில் ஆயாவாக இருந்தவள் என்பது பேச்சில் தெரிந்தது.

“இன்னாத்துக்குடி அப்பிடிப் பண்ணீங்க?”

“புளி நிறுக்கிற மாதிரி புள்ளைய நிறுத்தா கண்ணு பட்டுடாதா? மேல்வூட்டுப் புள்ளதான் கொழுகொழுன்னு இருந்துச்சி. அதையே கேட்டு வாங்கினு போனோம்.”

“எழுதிக்கினவங்களுக்குத் தெரியலியா?”

“மெட்ராஸ் ஆளுங்க. எது யாரு புள்ளைன்னு அவங்களுக்கு இன்னா தெரியும்? நீ இருந்திருந்தா கண்டுபுடிச்சிருப்ப.”

“என்னத்தான் அன்னிக்கு வரக்கூடாதுன்னுட்டாங்களே! புள்ளைங்க தேறிச்சான்னு கஞ்சி ஊத்தறவங்களே கணக்கெடுத்தா பொய் எழுதுவாங்களாம். அதுக்குன்னே வெளிய ஒரு ஆராய்ச்சிக் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் வுட்டாங்க.”

டிரைவர், பாழாய்ப் போனவன், வளைவு முழுக்க ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தான். அது அடங்கியதும் ஆயாவின் குரல் இறங்கியிருந்தது.

“அதாண்டி, உங்க ஊருப் புள்ளைங்க எல்லாம் தேறிடிச்சின்னு மையத்த மூடிட்டாங்க.”

துணி விலகி, குழந்தையின் கால் வெளியே தொங்கியது. என் கட்டைவிரல் தடிமன்கூட இல்லை.

“இப்போ போற ஆஸ்பத்திரியிலயும் தராசுல வெப்பாங்கடி.”

“வெக்கட்டும்க்கா. கண்ணு படறதுக்கு இனிமே இவங்கிட்ட இன்னா இருக்குது?”