எதிராளிக்கு இன்னும் ஒரு கரண்டி

பசித்த வயிற்றோடு யாரும் என் கண்முன்னால் உட்கார்ந்திருக்கக் கூடாது, ஐயா. அது என் சுபாவம். போட்டி நடத்துகிற நீங்கள் மூவரும் அதைக் குற்றம் என்று எழுதிக்கொள்வதானால், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் கல்லூரியில் டென்னிஸ் ஆடிய காலத்தில், வெளியூர்ப் பிள்ளைகள் காலையிலேயே பேருந்தில் வந்து இறங்குவார்கள். ஆட்டம் மத்தியானம்தான். அதுவரை மைதானத்து வேலியோரம் வாடிய கீரைபோல உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? எங்கள் வீடு பின்தெருவில்தான். கூட்டிப் போய்த் தட்டுப் போட்டேன். வறுத்த கோழி, பொரித்த உருளைக்கிழங்கு, கெட்டித் தயிரில் குழையப் பிசைந்த சோறு.

முதல் நாள் அது அன்புதான், சத்தியமாக. ஆனால் சாப்பிட்ட பையன், வலைக்குப் பக்கத்தில் விழுந்த பந்தை ஓடிப்போய் எடுக்காமல், தெரிந்தவர் யாரோ தெருவில் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு விஷயம் பிடிபட்டது.

அதற்குப் பிறகு தரவரிசையைப் பார்த்துத்தான் கரண்டி பிடித்தேன். சுமாராக ஆடுகிறவனுக்குக் கேட்டதை மட்டும் வைத்தேன். நன்றாக ஆடுகிறவன் தட்டை மூடினால், கையை விலக்கிவிட்டு வைத்தேன்.

என் மகன் மட்டும் சமையலறை வாசலில் நின்று முனகுவான்.

“எல்லாருக்கும் கோழி, எனக்கு மட்டும் வாழைப்பழமா? உன் பிள்ளை நானா, அவங்களா?”

“வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்காதடா. போய் ஷூவைக் கட்டு.”

இப்படித்தான் கல்லூரிச் சாம்பியன் ஆனான். “உங்க பையன் ஓட்டத்துக்கு ஒருத்தனாலயும் ஈடுகொடுக்க முடியலைம்மா,” என்றார் பயிற்சியாளர். உண்மைதானே? அந்தப் பேச்சை நம்பி, கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான்.

அங்கேதான் சனியன் பிடித்தது. அந்தப் பிள்ளைகள் தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிறார்கள். எதை நீட்டினாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் மகன் போன இடமெல்லாம் முதல் சுற்றோடு பெட்டியைக் கட்டினான்.

“இதுதாம்மா கடைசி. இதுலயும் தோத்தா மட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்,” என்று போன வாரம் சொன்னான். பெற்றவள் எப்படித் தாங்குவாள்?

நேற்று அவனுக்கு எதிராளி அந்த நெட்டைப் பையன். உடை மாற்றும் அறைக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருந்தான். டிபன் கேரியரைத் திறந்தேன்.

“வேணாம் ஆன்ட்டி, கோச் கொன்னுடுவார்.”

“உங்கம்மா குடுத்தா வேணாம்னு சொல்லுவியா கண்ணு?”

“அம்மா இல்ல ஆன்ட்டி. போன வருஷம் தவறிட்டாங்க.”

அவன் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். கலங்கிய கண்ணோடுதான் பெரிய கரண்டியை எடுத்தேன். என்னையே அம்மாவாக நினைத்துக்கொள்ளச் சொல்லி ஊட்டியும் விட்டேன். கேரியரில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

இரண்டாவது செட்டில் அவன் பந்தை மேலே போட்டான். அது கீழே வருவதற்குள் மெதுவாகப் படுத்துக்கொண்டான். பயப்பட ஒன்றுமில்லை, உண்ட மயக்கம் என்றார் டாக்டர். என் மகன் வென்றதாக அறிவித்தார்கள். ஸ்ட்ரெச்சரில் போன அந்தப் பிள்ளை, நடுவர் முதல் அத்தனை பேரும் கேட்க, என் பக்கம் கையை நீட்டி, “அம்மா, ராத்திரிக்கும் கொஞ்சம் எடுத்து வைங்கம்மா,” என்றான். நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

என் மகன் மட்டையோடு வந்து எதிரே நின்றான்.

“காலேஜ் ஃபைனல்லயும் இதே கேரியர்தானாம்மா?”

“இல்லடா. அன்னிக்கு அண்டா.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அப்போ எனக்கு ஆடவே தெரியாதா?”

அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், ஐயா. ஆட்டம் அவன் ரத்தத்திலேயே ஊறியது. எதிரே நிற்கிறவன் கொஞ்சம் சாப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.