பீங்கான் தலைக் கம்ப்யூட்டர்

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று எவன் சொன்னான்? இது நடந்தது பட்டப்பகல் ஒரு மணிக்கு. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு மண்ரோடு போகிறதே... அங்கே. சித்திரை வெயில். ரோட்டில் ஒரு காக்கா கிடையாது. இரண்டு பக்கமும் உடைந்த கப்பு, சாசர் குவியல்.

தேவநாதன் ஏன் இன்றைக்கு வரவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? சொல்கிறேன். கிட்ட வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து ஒண்ணுக்குப் போகிற வேலையெல்லாம் வேண்டாம். இது அவனுடைய அக்கா புருஷன் பழமலைநாதன் கதை.

பழமலைக்குக் குவைத்தில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அங்கே லிஃப்ட்டு பேசும், பஸ்ஸு பேசும், கையில் இருக்கிற போனும் பேசும். ஒன்றுக்கும் அவன் யாரென்று தெரியாது. வேலையாட்கள் தங்கும் கேம்ப்பில் இரும்புக் கட்டிலில் படுத்தால் அவனுக்கு நினைவு வருவது, மாசி மகத் திருவிழாவில் பேசிய கம்ப்யூட்டர்தான். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். தகரத்தில் ஆள் மாதிரி செய்து வெள்ளி பெயிண்ட் அடித்திருக்கும். நெஞ்சில் சிவப்பும் பச்சையுமாகப் பல்பு மினுக்கும். தலை மட்டும் நம்ம ஊர்ப் பீங்கான். காசு போட்டு ஹெட்போனை மாட்டினால் “அன்பரே, வணக்கம்” என்று ஆரம்பித்து ஜோசியம் சொல்லும்.

உள்ளே கேசட்டு ஓடுகிறது என்று குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும், டவுசர் போட்ட பழமலையை மரியாதையாகக் கூப்பிட்டது அது ஒன்றுதான். “நீங்கள் கடல் கடந்து செல்வீர்கள்” என்றது. தேவநாதனுக்கும் அதையேதான் சொன்னது. அவன் பக்கத்தில் இருக்கிற சேத்தியாத்தோப்பைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

போன சித்திரையில் லீவு முடிகிற வாரம். பழமலையின் மகள் ஜெயஸ்ரீ, கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா எங்கே என்றால் போனைக் காட்டுவாள். இப்போது ஏழாவது படிக்கிறாள். அன்று காலையில் கேட்டாள்: “இந்தத் தடவையும் போனுக்குள்ளாற போயிடுவியாப்பா?”

அவளை விட்டுப் போக அவனுக்கு மனசே இல்லை. ஆனால் கட்டுகிற வீடு பாதியில் நிற்கிறது. போகாமல் எப்படி?

கேம்ப் நண்பர்களுக்குப் பீங்கான் கப்பு வாங்கலாம் என்று மொபெட்டில் அந்த ரோட்டுக்குப் போனான். சாப்பாட்டு நேரம், எல்லாம் பூட்டிக் கிடந்தது. ஒரே ஒரு ஷெட்டு திறந்திருந்தது. உள்ளே ஈரக் களிமண் வாசனை... மூலையில், தார்ப்பாய் பாதி விலகி, அந்தக் கம்ப்யூட்டர்.

பழமலைக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி அதன் தோளைத் தட்டினான். பல்பு மினுக்கியது. அதன் ஒயர் அறுந்து தரையில் கிடந்ததை அவன் அப்போது பார்க்கவில்லை. ஹெட்போனை எடுத்து மாட்டினான்.

கிர்ர்ர்... “அன்பரே, வணக்கம். நீங்கள் கடல் கடந்து...”

பழமலை சிரித்தான். “அதெல்லாம் போயி பாத்தாச்சு. இனிமே போவாம, இங்கியே இருக்க முடியுமா? அத சொல்லு.”

கிர்ர் சத்தம் நின்றது.

“இருக்கலாம், அன்பரே.” பச்சைப் பல்பு மட்டும் மினுக்கியது. “ஆனால், உங்களுக்குப் பதிலாக யார் போவது?”

யாரோ ஒளிந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். “ஏன், நீயே போயேன்,” என்றான்.

அவ்வளவுதான். பல்பு அணைந்தது. கையைத் தூக்கப் பார்த்தான், கை வரவில்லை. மூக்குக்குள் களிமண் வாசனை. வாய் இருக்கிற இடம் தெரியவில்லை. எதிரே, இவனுடைய கட்டம் போட்ட சட்டையில் ஒரு ஆள்... நிதானமாக ஹெட்போனைக் கழற்றி வைத்தான். தார்ப்பாயை இழுத்து மூடினான். ஷெட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு மொபெட் கிளம்புகிற சத்தம்... தூரமாகிப் போச்சு.

வீட்டுக்கு வந்தவன் ஒழுங்காகச் சாப்பிட்டான், ஒழுங்காகக் கிளம்பினான். ஜெயஸ்ரீ அழுதாள். அவன் அவள் தலையைத் தடவியபோது அந்தக் கை பீங்கான் கப்பு மாதிரி சில்லென்று இருந்ததாம்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி, பாப்பா படிக்கிறாளா. ஒவ்வொரு வாரமும் அதே வார்த்தை, அதே வரிசை. ஒரு நாள் அவன் பெண்டாட்டி வளர்மதிக்குத் தொண்டை கட்டிப் பேச முடியவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவள் பதில் சொல்ல விடுகிற இடைவெளியை மட்டும் விட்டு, அந்தப் பக்கம் தானாகப் பேசிக்கொண்டே போச்சு. “சரி சரி, அழாதே,” என்றது. அவள் அழவே இல்லை.

இந்த மாசி மகத்துக்கு யாரோ அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயிண்ட் அடித்துக் கடை போட்டிருந்தார்கள். தேவநாதன் ஜெயஸ்ரீயைக் கூட்டிப்போய் வேடிக்கைக்கு ஹெட்போனை மாட்டிவிட்டான். பல்பு அணைந்த பிறகும் அவள் கழற்றவில்லை. கடைக்காரன் பிடுங்கினான். அவள் அந்தப் பீங்கான் தலையைக் கட்டிக்கொண்டாள்.

“மாமா, அப்பா இதுக்குள்ளதான் இருக்காரு. வூட்டுக்கு இட்டுகினு போங்கன்னு அழுவுறாரு.”

ஷெட்டில் நடந்ததெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கட்டம் போட்ட சட்டையும் தார்ப்பாயும் எங்கிருந்து வரும்? தேவநாதன் மறுநாள் காலையில் ஓடினான். கடை இருந்த இடத்தில் மூங்கில் நட்ட குழிகள்தான் இருந்தன. எந்த ஊர் லாரி ஏற்றிப்போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வளர்மதியிடம் சொன்னான். திருவிழா பொம்மை பேச்சை நம்பிக்கிட்டு வந்துட்டியா என்று அவள் விரட்டிவிட்டாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான் போனில் அவன் புதிதாக ஒன்று சொல்லியிருந்தான். வேலையை விட்டுவிட்டு வருகிறேன், இனிமேல் எங்கும் போகமாட்டேன் என்று. இத்தனை வருஷமாக அவள் சாமியிடம் கேட்டது அதைத்தானே.

அவன் வருகிற ரயில் இன்றைக்கு இருட்டியதும். அக்கா சொல்லைத் தட்ட முடியாமல் தேவநாதன் ஜங்ஷனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஜெயஸ்ரீ என் வீட்டுக்கு ஓடி வந்து, அதோ அந்த உள் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யார் கூப்பிட்டும் திறக்கவில்லை.

நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தேவநாதன் போன் பண்ணினான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எறங்கிட்டாரு... கூட்டத்துல யாரோ பொட்டியால அவரு தலையில இடிச்சிட்டான். ணங்குன்னு கேட்டுது... இப்ப என் வண்டியில பின்னால உக்காந்துட்டாரு.”

நான் போனை வைக்கப் போனபோது, அவன் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் நிதானமாகக் கேட்டது.

“அன்பரே... ஜெயஸ்ரீ தூங்கிவிட்டாளா?”