பாதியில் நிற்கும் முள்

அன்று காலை என் தங்கை என்னிடம் கடைசியாகக் கேட்டது பெட்ரோலைப் பற்றித்தான். "அக்கா, டேங்க் ஃபுல்லா இருக்கா?" என்றாள். "நேத்தே போட்டுட்டேன், கிளம்பு" என்றேன். எங்கள் காரில் பெட்ரோல் அளவு காட்டும் முள் அப்பா காலத்திலேயே பாதியில் நின்றுபோனது. டேங்க் நிறைந்திருந்தாலும் பாதி, வற்றிப்போனாலும் பாதி. அதனால் தினமும் மாலை பெட்ரோல் நிரப்பி வைப்பது என் பொறுப்பு. என்னைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது அவள் வழக்கம்.

ஐயா, காரைப் பழுதுபார்த்த மெக்கானிக்கை நான்கு மாதமாக விசாரித்து வருகிறீர்கள். டேங்க் மூடியில் மெழுகு அடைத்திருந்ததை அவர் கவனிக்காமல் விட்டதால்தான் கார் நடுவழியில் நின்றது, அவள் இறந்தாள் என்பது வழக்கு. அவர் கவனித்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாடநூல் அச்சகத்தில் முப்பத்தொரு வருடமாகப் பிழை திருத்துகிறவள். தங்கை என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு. தலை பின்னிவிட்டதும் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, எல்லாம் முடிவான பிறகே என்னிடம் சொன்னாள்.

"பஸ்ல போயேன்."

"மூணு பஸ் மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க கதவ சாத்திடுவாங்க. அப்பா காரு சும்மா கெடந்து துருப்பிடிக்குது, நம்ம ரெண்டு பேரு மாதிரி."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

காரின் கையேடு அப்பாவின் அலமாரியில் இருந்தது. அதை முழுக்கப் படித்தேன். டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் குண்டூசி பருமனுக்கு ஓர் ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் முதலில் திணறும், உதறும், பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். வேறு எதைச் செய்தாலும் அவளுக்கு ஆபத்து வரலாம். இது ஒன்றுதான் பத்திரமானது என்று எனக்குத் தோன்றியது. மூடியின் உட்புறம் ஒரு சொட்டு மெழுகு விட்டேன்.

நிறைந்த டேங்கோடு போனால் கார் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நின்றது. அங்கே ஒரு செடிப் பண்ணை, அகலமான சாலை, மர நிழல். முதல் வாரத்திலேயே பண்ணைக்காரர், "செடி வாங்க வந்தீங்களா, இல்ல வண்டிய நிறுத்த வந்தீங்களா?" என்று கேட்டாராம். அவர் மனம் நோகக்கூடாது என்று அவள் வாங்கிவந்த தொட்டிகள் ஏழு.

மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். காயிலை மாற்றினார். பெட்ரோல் பம்பை மாற்றினார். மூன்றாம் முறை காரைக் கொண்டுவந்து விட்டபோது எங்கள் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதும் சில பேருக்குக் காய்ச்சல் விட்டுடும் பாரும்மா, அந்த மாதிரி. எங்கிட்ட வந்தா அவ்வளவு சமத்தா ஓடுது. மூடி ஓட்டையக்கூட ஊதிப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

"உங்களுக்குத்தான் காது போச்சு டாக்டர்" என்றாள் தங்கை.

சுத்தமாகத்தான் இருந்தது. கார் அவரிடம் போவதற்கு முந்தின மாலையே ஊக்கால் குத்தி மெழுகை எடுத்துவிடுவேன். திரும்பி வந்ததும் மறுபடி வைப்பேன். அவர் தொழிலில் பிழை இல்லை.

தங்கை வேலையை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வண்டியில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் கால்மணி நேரம் படித்துவிட்டுக் கிளம்பப் பழகினாள். மூன்றாவது மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"இந்தக் கெழட்டுக் காரோட தெனமும் மல்லுக்கட்ட முடியலக்கா. அங்கயே வீடு பாத்துட்டேன். அடுத்த திங்கக்கெழம பெட்டியோட போறேன்."

அதாவது, நான் வைத்த மெழுகே அவளை அனுப்பிவைத்தது.

"ரெண்டு ரூம் இருக்கு, நீயும் வந்துடேன்" என்றும் சொன்னாள். இதை இங்கே சேர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். ஒப்புக்குச் சொன்னாள் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

செடிப் பண்ணையில் நிற்பது அவளை இனி பயமுறுத்தாது. கையேட்டில் இல்லாத ஒன்றை நானே கணக்கிட்டேன். பெட்ரோல் குறைவாக இருந்தால் டேங்கில் காற்று அதிகம். மூச்சு முட்ட நேரமாகும், கார் இன்னும் தூரம் போகும். எனக்கும் ஓட்டத் தெரியும். அப்பா இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கையில், பாதியை அளந்து கேனில் இறக்கிவிட்டு, பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று பாதி டேங்கோடு போனேன். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் உதறியது, இருபதில் நின்றது. பாறையைப் பிளந்து போட்ட ஏற்றம் அது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், ஒதுங்க ஓரடி இடமில்லை. கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டிகூட வரவில்லை. இங்கே தனியாக நின்றால் பயந்துவிடுவாள், திரும்பி வந்துவிடுவாள். இவ்வளவுதான் நினைத்தேன். திரும்பும்போது பங்க்கில், ஓடித் தீர்ந்த அளவுக்கு மட்டும் போடச் சொன்னேன்.

திங்கள் காலை எட்டேகாலுக்கு, மேலிருந்து இறங்கிய கல் லாரி வளைவு திரும்பியதும் அவள்மேல் மோதியது. அவள் கையில் புத்தகம் இருந்ததாக லாரி ஓட்டுநர் சொன்னார். பயப்படவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு விடுமுறை, அதனால் லாரிகள் வருவது எனக்குத் தெரிந்திருக்காது என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்லக்கூடும். நானும் நான்கு மாதமாக எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஏற்றம் தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை ஒன்று இருக்கிறது. கல் லாரிகள் இறங்கும் வழி, திங்கள் முதல் சனி வரை, காலை எட்டு மணியிலிருந்து. பார்வையில் பட்ட எதையும் படிக்காமல் நான் கடந்துபோனதில்லை. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, இரண்டு முறை படித்தேன்.

உங்கள் நிலையத்தின் பின்பக்கம் காரை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவள் பையை எடுத்துக்கொள்ளச் சொல்லி என்னை அங்கே அழைத்துப்போனார்கள். ஓட்டுநர் பக்கக் கதவு உள்ளே மடிந்து கிடக்கிறது. பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஒரு நாள்தான் அது சரியாகக் காட்டியது.

முள் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.