வட்டையடி இறக்கம்

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் சாமான் பை வைத்திருந்த இளையவள் சொன்னாள்: "எங்கட வாசல்ல கொக்குக் கூட்டம் நிண்டு கொங்கிறீட்டக் கொத்துது அக்கா."

"விரட்டலியா?"

"வெடியும் கொளுத்திப் பாத்தம். ஒரு சுத்துச் சுத்திப்போட்டு அதே இடத்திலதான் இறங்குதுகள். ஒரு புழு பூச்சி இல்ல, என்னத்தத் தேடுதுகளோ."

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "உங்கட வளவு எங்கப்பா வேளாண்மை செய்த வட்டை, புள்ள; நெல்லு வயல். அவர் கண்ண மூடின கையோட தம்பி வித்துப்போட்டான். வாங்கினவங்க கிறவல் மண் கொட்டி நிரப்பித்தான் துண்டு துண்டா உங்களுக்கு வித்தவங்க."

"எங்களுக்கு மேட்டுக்காணி எண்டுதானே சொன்னவங்க! அதுதான் மாரிக்கு வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கிது."

நடத்துனர் கதவைத் தட்டினார். "வட்டையடி! வட்டையடி இறங்குற ஆக்கள் வாங்க!"

இளையவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"காணி வாங்க வந்த அண்டைக்கும் இவன் 'வட்டையடி' எண்டுதானே கத்திருப்பான்," என்றாள் மூத்தவள், அவள் முகத்தைப் பாராமலே. "கொக்குக்கு விளங்கியிருக்கு. உங்களுக்கு விளங்கல்லியே."