பஞ்சுவுக்கும் அவருக்கும் ஒரே மாத்திரை

கொத்தமல்லியைக் காம்போடு வாங்க வேண்டும், இன்ஸ்பெக்டர் அம்மா. தழையை மட்டும் கிள்ளித் தருகிற கடையில் நான் வாங்க மாட்டேன். எங்கள் பஞ்சுவுக்குக் காம்புதான் பிடிக்கும். பையின் சரசரப்பு கேட்டாலே போதும், கூண்டுக்கம்பியில் முன்னங்காலை வைத்து நின்றுகொண்டு விசில் அடிப்பான். தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்று பக்கத்து வீட்டு முன்னி பேகம் சொல்லுவாள்.

பஞ்சு ஒரு கினிப் பன்றி. பெயரில்தான் பன்றி. வாலில்லாத கொழுத்த எலி போல இருப்பான், முகம் மட்டும் முயல்குட்டி. ஆசிரமத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த இத்தாலிக்காரப் பெண் லூசியா, 2003ஆம் வருஷம் ஊருக்குத் திரும்பியபோது அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். "அம்மா, நீங்க நல்லா பாத்துக்குவீங்க" என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். வேறு எதை எழுதிக்கொண்டாலும் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் ஆதிமூலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். வாய்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் கூண்டைக் காட்டி, "ஊர்ல அவனவன் பேரப் புள்ளைக்குப் பால் வாங்குறான். நான் எலிக்குத் தழை வாங்கினு வரேன்" என்று சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். நான் காபி டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ரேணுகாம்பாளுக்குக் கோபமே வராது என்று என் நாத்தனார்கள் பெருமையாகச் சொல்லுவார்கள். கல்யாணமான நாள் முதல் வந்த கோபத்தையெல்லாம் நான் எங்கே வைத்தேன் என்று அவர்களில் ஒருத்தியும் கேட்டதில்லை.

அவருக்கு இதயம் பலவீனம். காலையில் நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை போட வேண்டும். போடாவிட்டால் உடம்பில் நீர் தேங்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். சாப்பாட்டில் உப்பு கம்மி. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நான்தான். உள்ளங்கையில் வைத்தால் வாயில் போட்டுக்கொள்வார், எது எதற்கு என்று பார்க்க மாட்டார்.

லூசியா போன அடுத்த வருஷம் பஞ்சுவுக்கும் அதே நோய் வந்தது. கூடையில் வைத்து மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆடு மாடு பார்க்கிற டாக்டர், முதலில் சிரித்தார். குழாயை நெஞ்சில் வைத்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "இதுக்கும் ஹார்ட்தான்மா. சார் போடுற அதே நீர் மாத்திரையத் துளி கரைச்சு ஊத்துங்க. ஒரு வேளைகூட விட்றாதீங்க" என்றார். சத்துக்கு ஒரு வைட்டமின் மாத்திரையும் சொன்னார். மனிதனைப் போலவே இந்தப் பிராணிக்கும் அந்தச் சத்து உடம்பில் தானாக ஊறாதாம்.

ஸ்பூன் முதுகால் பொடித்து, ஆறிய தண்ணீரில் கரைத்து, மை ஊற்றும் பில்லர் மாதிரி ஒன்றில் எடுத்துக் கன்னத்து ஓரமாக விட வேண்டும். நேராக விட்டால் புரை ஏறிவிடும். கை வைத்தாலே எனக்கு அவன் நெஞ்சு பிடிபட்டுவிடும். நீர் ஏறினால் படுக்க மாட்டான், கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருப்பான். காது ஓரம் வெளுக்கும். பிடித்த தழையை முகர்ந்துவிட்டு வைத்துவிடுவான். கடைசியில்தான் வாயைத் திறந்து மூச்சு வாங்குவான். டாக்டரே, "நீங்க நர்ஸாப் போயிருக்கணும்மா" என்றார்.

இருவருக்கும் ஒரே அட்டை மாத்திரைதான். "எனக்குப் பங்காளி வந்துட்டான்" என்றார் என் கணவர். அதற்கும் சிரித்தார்.

பௌர்ணமியன்று மட்டும் அவர் அந்த மாத்திரையைப் போட மாட்டார். இந்த ஊரில் நீர் மாத்திரை போடுகிற பலர் அப்படித்தான். போட்டுக்கொண்டு கிரிவலம் நடந்தால் அந்தக் கூட்டத்தில் வழியெல்லாம் ஒதுங்க இடம் தேட வேண்டும். அவருடைய டாக்டர் திட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு நாள்தான் என்று விட்டுவிட்டார். ஆனால் அட்டை கண்ணில் பட்டால் இவர் பழக்க தோஷத்தில் விழுங்கிவிடுவார். அதனால் பௌர்ணமி காலையில் அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். மறுநாள் எடுத்துத் தருவேன்.

அந்த ஐப்பசிப் பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூரில் என் தங்கை சரசுவின் வீட்டுப் புதுமனை புகுவிழா. விடிந்ததும் பஞ்சுவுக்கு ஒரு வேளை ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். சாயந்தரமும், ஒருவேளை நான் தங்க நேர்ந்தால் மறுநாள் காலையும் எப்படி ஊற்ற வேண்டும் என்று அவருக்குச் செய்து காட்டினேன். "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்றார். கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று சரசு என்னை அனுப்பவில்லை. மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தேன்.

பஞ்சு கழுத்தை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்திருந்தான். பையில் இருந்த கொத்தமல்லியைச் சரசரக்க வைத்தேன். விசில் வரவில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், கொஞ்ச நேரம்தான் இருந்தான்.

"மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

என் முகத்தைப் பார்க்காமல், "குடுத்தேன்" என்றார். பொடிக்கிற ஸ்பூன் நான் கழுவி வைத்தபடியே காய்ந்து கிடந்தது. பிறகு, "எலிதானேடி, விடு" என்றார்.

இத்தனை வருஷம் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அப்போதும் நான் சத்தம் போடவில்லை. கொல்லையில் செம்பருத்திக்குப் பக்கத்தில் பஞ்சுவைப் புதைத்தேன்.

அன்று முதல் அவருக்கு நீர் மாத்திரைக்குப் பதிலாகப் பஞ்சுவின் வைட்டமின் மாத்திரையைக் கொடுத்தேன். அதுவும் வெள்ளைதான், பாதியாக உடைத்தால் அளவும் சரியாக இருந்தது.

"இன்னாடி, மாத்திரை புளிக்குது?" என்றார்.

"வேற கம்பெனியாங்க" என்றேன்.

விஷம் எதுவும் கொடுக்கவில்லை, அம்மா. சத்து மாத்திரை அது. சாப்பாட்டிலும் உப்பைச் சரியாகப் போட ஆரம்பித்தேன். அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் வைத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்பதான்டி ரேணு, சோறு சோறா இருக்குது" என்றார். கல்யாணமானதிலிருந்து என் சமையலை அவர் புகழ்ந்தது அந்த வாரம்தான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கால் வீங்கத் தொடங்கியபோது, மழைக்காலத்தில் வீக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். நான் சொன்னால் நம்புவார்.

கார்த்திகைப் பெரிய தீபத்துக்குக் கொடியேறுவதற்கு முன்னால் ஒரு நாள் முன்னி பேகம் வந்தாள். கூண்டு காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, ஒண்ணு சொல்றேன், அண்ணங்கிட்ட காட்டிக்காதீங்க. நீங்க ஊருக்குப் போனீங்களே, அன்னைக்கு அவரு கிரிவலமே போவல. மாத்திரை பீரோவுல இருக்குது, சாவி அவ இடுப்போட போயிடுச்சுன்னு எங்க வீட்டுக்கு ஓடி வந்தாரு. எங்க சாவியெல்லாம் போட்டுப் பாத்தோம், தொறக்கல. மருந்துக் கடைக்குப் போனா கூட்டத்துல ரோட்டத் தாண்ட முடியலியாம், பாதியில திரும்பி வந்துட்டாரு. விடிய விடிய அத நெஞ்சுல சாச்சுனு உக்காந்திருந்தாரு. உங்ககிட்ட மூச்சு விடாதன்னாரு. அவளாலதான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டான்னாரு."

"அப்படியா" என்றேன். அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன்.

உள் அறையில் அவர் தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அதற்கு முந்தின நாளே சொல்லியிருந்தார். அப்போதும் நீர் மாத்திரையைக் கொடுத்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். மறுநாள் காலையிலும் புளிக்கிற மாத்திரையைத்தான் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் சோற்றை முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார். காது ஓரம் வெளுத்திருந்தது. இனி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். "நெஞ்ச அடைக்குது ரேணு, ஆட்டோ கூப்பிடு" என்றார். வாசல் வரைக்கும் போய்விட்டு வந்து, "சொல்லியிருக்கேங்க, வந்துடும்" என்றேன். ஆட்டோ ஸ்டாண்ட் எங்கள் வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. நான் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பஞ்சுவைப் பார்த்துக்கொண்டது போலவே அவரையும் கடைசி வரை பார்த்துக்கொண்டேன். கண்ணை எடுக்கவில்லை.

என் கொழுந்தனார் பீரோவில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்துப் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. முன்னி பேகம் சொன்ன பிறகாவது நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள்.

பஞ்சுவைப் புதைத்துவிட்டுக் கை கழுவி, அவருக்கு அன்றைய மாத்திரையை எடுக்கப் போனேன். இடுப்பிலிருந்த சாவியால் பீரோவைத் திறந்தேன். நான் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே அட்டை இருந்தது. அதைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கூடத்தில் அவர் எனக்காகப் பொய் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பீரோவைத் திரும்பப் பூட்டிவிட்டு, பஞ்சுவின் வைட்டமின் டப்பாவைத் திறந்தேன்.

பஞ்சுவை யாரோ கொன்றிருக்கத்தானே வேண்டும், அம்மா? அவன் மேல் உயிரையே வைத்திருந்த நானா கொன்றிருப்பேன்?