மூன்று சால்மனும் ஒரு மச்சினனும்

காப்பி நன்றாக இருக்கிறது, மேடம். லிட்ஷோப்பிங் காவல் நிலையத்தில் இப்படியொரு காப்பி கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்னமே வந்திருப்பேன்.

மதியம் வரை ஒரு மீனும் கிடைக்கவில்லை, மச்சினனை இறக்கிவிட்ட பாறையருகே என்ஜின் பழுதாகி நின்றுவிட்டது, காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: என்ஜின் ஓடாத படகில் மூன்று சால்மன் எப்படி வந்தது? நியாயமான கேள்வி. உங்கள் அப்பாவும் மீன் பிடிப்பவர் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. வேனெர்ன் ஏரியில் சால்மன் வேண்டுமென்றால் படகு நடை வேகத்தில் தூண்டில்களை இழுத்துக்கொண்டு ஓடியபடியே இருக்க வேண்டும். நின்றால் தூண்டில் நரம்புகள் ஏரியின் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஆகவே என்ஜின் நிற்கவில்லை. அதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். காதுதான் என் பிழைப்பு. பனி உருகி ஏரி திறந்ததும் படகை இறக்குவது அந்தக் காதுக்கு ஓய்வு கொடுக்கத்தான். போன மாதம் என் மனைவி குன்வோரின் தம்பி ரூனே, விவாகரத்தாகி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நல்லவன். குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான். பேசுவான், அவ்வளவுதான்.

"என்னங்க, பாவம், தனியா உக்காந்து சுவத்தையே பாக்கறான். படகுல கூட்டிட்டுப் போங்களேன்," என்றாள் குன்வோர். கூட்டிப்போனேன்.

துறையைத் தாண்டுவதற்குள் முன்னாள் மாமியாரின் மூட்டுவலி வரைக்கும் வந்துவிட்டான்.

"ஏன் அத்தான், இந்த மீனுக்கெல்லாம் காது கேக்குமா?"

"கேக்கும்."

"அப்பச் சரி. அதுங்களுக்கும் பொழுது போகும்."

மதியம் அவனுக்குச் சிறுநீர் முட்டியது. ஆடுகிற படகில் நின்று போக வராதாம். சின்ன வயதிலிருந்தே அப்படியாம். அதற்கும் ஒரு கதை வைத்திருந்தான். தூண்டில்களைச் சுருட்டி, கடற்காகங்கள் மட்டும் உட்காரும் ஒரு மொட்டைப் பாறையில் அவனை இறக்கிவிட்டேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்தச் சுற்றில்தான் முதல் மீன் அடித்தது. வலையில் ஏந்தித் தூக்கும்போது கவனித்தேன். ஏரியில் பேச்சே இல்லை. என்ஜின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

"அத்தான், வேலை முடிஞ்சுது! வாங்க!" என்று பாறையிலிருந்து கையை ஆட்டினான். மீன் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது என்று தெரிந்த பிறகு யாராவது தூண்டிலைச் சுருட்டுவார்களா? மரியாதைக்கு நானும் கையை ஆட்டினேன்.

அடுத்த சுற்றில், "விளையாடாதீங்க அத்தான், காலு விறைக்குது," என்றான். அதற்கும் அடுத்த சுற்றில், "சத்தியமா இனிமே வாயே தொறக்க மாட்டேன்," என்றான். அதைச் சொல்லவே வாயைத் திறக்க வேண்டியிருந்தது பாருங்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அவன் படகிலேயே விட்டுப்போன ஏலக்காய் பன் பைக்குள்ளிருந்து அவனுடைய போன் அடித்தது. குன்வோர்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். பாறை மேல நின்னு பறவைங்களப் பாக்கறான்."

"நான்தான் சொன்னேன்ல, காத்து பட்டா சரியாயிடுவான்னு."

ஒரு ஆளுக்கு மூன்று மீன்தான் எடுக்கலாம். இரண்டு பேர் என்றால் ஆறு. ரூனே படகில் இல்லாததால் நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். நாலாவதைப் பத்திரமாகத் தண்ணீரில் விட்டேன். விதி விஷயத்தில் நான் கண்டிப்பு.

பொழுது சாய்ந்ததும் வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. ஆலங்கட்டியும் சேர்ந்துகொண்டது. தூண்டில்களையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டேன். இனி பாறைக்குப் போகத் தடை ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். திரும்பிப் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை. அவன் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. படகைத் துறைக்குத் திருப்பினேன்.

ரூனே துறையில் பழைய சிநேகிதனைப் பார்த்து அவனோடு போய்விட்டான், காலையில் வருவான் என்று குன்வோரிடம் சொன்னேன். வெண்ணெயும் சதகுப்பைத் தழையும் போட்டு மீனை வறுத்தாள். தம்பிக்கென்று நல்ல நடுத்துண்டாக எடுத்து மூடி வைத்தாள். எனக்குப் பசி. நிறைய சாப்பிட்டேன்.

மறுநாள் அந்தப் பக்கம் போன படகுக்காரர்கள் அவனைத் தூக்கி வந்தார்கள். குளிரில் விறைத்துப்போன இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருக்குமாம். கண் திறந்து பார்க்கிறான், கஞ்சி குடிக்கிறான், பேச்சு மட்டும் வரவில்லை. அதிர்ச்சி என்கிறார் டாக்டர். "ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுடா," என்று குன்வோர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவளுக்கு எப்போதும் சத்தம் வேண்டும்.

நேற்று மாலை நானும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். முதல்முறையாக எங்களுக்குள் ஒரு நெருக்கம் வந்தது. என்னைக் கண்டதும் நர்ஸைக் கூப்பிடும் மணியை விடாமல் அழுத்தினான். சந்தோஷமாக இருக்கும்.

ஆமாம், மேடம். தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்தால் நல்லது. தண்ணீர் சூடாகிவிட்டால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். ரூனே நடக்க ஆரம்பித்ததும் மறுபடி படகில் கூட்டிப்போகிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.