ஷாஹிரா தேறிய பரீட்சை

பாலில்லாத டீ, தே ஓ கேட்டேன், பால் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் மைதானத்து ஓரத்தில் நின்றபடியே குடித்துப் பழகியவள் நான். சூடு, சீனி, பால் என்றெல்லாம் பார்த்ததில்லை. பதிவாகிறதா? நல்லது. இன்ஸ்பெக்டர் சந்திரசேகரன் என்று முழுதாகக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, தம்பி என்றே சொல்கிறேன். உங்கள் வயதில் எனக்குப் பழைய மாணவிகள் இருக்கிறார்கள்.

என் பெயர் ஜூலியானா பாக்கியசாமி. வயது ஐம்பத்து மூன்று. பாயான் லெப்பாஸில், விமானங்கள் தலையை உரசிக்கொண்டு இறங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் தனியார் கல்லூரி. அங்கே பெண்கள் சாஃப்ட்பால் குழுவுக்கு நான்தான் தலைமைப் பயிற்சியாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் அதுதான் உண்மை.

வெளியே பெஞ்சில் இர்வான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். எங்கள் குழுவின் ஃபிசியோ, இருபத்தாறு வயது. ஷாஹிராவை ஆடவிட்டது அவன்தான் என்று கல்லூரி எழுதிக் கொடுத்திருக்கிறது. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. இதைச் செய்கிற அளவுக்கு அவனுக்குச் சாமர்த்தியமும் கிடையாது.

ஷாஹிரா கேட்ச்சர். உங்களுக்கு ஆட்டம் தெரியாது என்பதால் சொல்கிறேன். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வீசுகிற ஒவ்வொரு பந்தையும் பிடிப்பவள் கேட்ச்சர். முகத்துக்குக் கம்பிக்கூண்டு, தலைக்குக் கவசம். மைதானத்தில் மற்ற எட்டுப் பேரும் அவளைப் பார்த்து நிற்பார்கள். எட்டுப் பேரையும் பார்த்து உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான். சாஃப்ட்பால் என்றதும் ஏதோ பஞ்சுப் பந்து என்று நினைத்துவிடுகிறார்கள். மாதுளம்பழ அளவு இருக்கும், கல் கணக்காக இருக்கும். என் இடது கையில் மூன்று விரல் நேராக நீளாது. நான் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

அவளை விளையாட்டுக்கு அனுப்ப அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஷேக் அலாவுதீன், டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். நான் நேரே கடைக்குப் போனேன். மத்தியான வரிசை முடிகிறவரை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பொம்பளப் புள்ள, டீச்சர். கையக் கால ஒடச்சிக்கிட்டு வந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன், அண்ணே. உங்க பிள்ளை என் பொறுப்பு."

கல்லாப் பக்கம் நின்ற அவர் மனைவி நோர்மா, "டீச்சரே சொல்றாங்கல்ல, அனுப்புங்களேன்லா" என்றார். சாப்பிட்டதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது. அப்படி ஒரு கேட்ச்சர் பத்து வருஷத்துக்கு ஒருத்தி கிடைப்பாள்.

இனி அந்தப் பரீட்சைக்கு வருகிறேன். ஆட்டத்தில் யாருக்காவது தலையில் அடிபட்டால் மூளை குலுங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு தாள் இருக்கிறது. ஃபிசியோ அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். இன்று என்ன தேதி, யாரோடு ஆட்டம். பிறகு ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஆட்டப் பருவம் தொடங்கும்போதே இதே பரீட்சையை எல்லோருக்கும் ஒரு முறை வைத்து மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அடிபட்ட பிறகு அதைவிடக் குறைவாக வாங்கினால் இரண்டு வாரம் வெளியே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஷேரன் என்று ஒரு பெண், அரையிறுதியில் தலையில் அடிபட்டு எழுந்தாள். என்ன மாதம் என்று கேட்டதற்கு மார்ச் என்றாள். அது மே. அவ்வளவுதான், வெளியே உட்கார வைத்துவிட்டார்கள், நாங்கள் தோற்றோம். இப்போது அவள் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள், இரண்டு பிள்ளைகள், குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். அவள் ஆடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

பரீட்சை என்றால் நம் ஆட்களுக்கு என்ன பயம்? நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். கேள்வி மாறாது என்று தெரிந்துவிட்டால் விடையை உருப்போட வேண்டியதுதானே. என் அப்பா வாய்ப்பாட்டையும் திருப்பாடலையும் அப்படித்தான் எனக்கு ஏற்றினார். அர்த்தம் பிறகு வரும், முதலில் வாய் பழகட்டும் என்பார். இர்வானிடம் இருந்தது ஒரே ஒரு தாள். பிளாஸ்டிக் போட்டு வைத்திருந்தான். வருஷக்கணக்காக அதே ஐந்து மலாய்ச் சொற்கள்: லிமாவ், சிக்காட், செலிமுட், திங்காப், பூரோங். எலுமிச்சை, சீப்பு, போர்வை, ஜன்னல், பறவை. வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்தில் கடல் பாலம் தாண்டும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு அதைப் பாடுவார்கள். மாதங்களைப் பின்னாலிருந்து பாடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் வட்டமாக நிற்க வைத்து, இன்னைக்கு என்ன தேதி, யாரோட ஆட்டம் என்று கத்த வைப்பேன். இர்வான் அதைக் குழு உற்சாகம் என்று நினைத்துக்கொண்டு கூடச் சேர்ந்து கைதட்டுவான்.

பருவத் தொடக்கப் பரீட்சைக்கு வேறு பயிற்சி. இரண்டு சொல்லை மறந்துவிடு, ஒரு மாதத்தைத் தாண்டிவிடு, காலைக் கொஞ்சம் ஆட்டு என்று சொல்லிக்கொடுப்பேன். முதலிலேயே குறைவாக வாங்கிவிட்டால் பிறகு குறைவதற்கு இடமில்லை. பதினாறு பேரில் ஷாஹிரா மட்டும்தான் கேட்டாள்.

"கோச், இது பொய்தானே?"

"பொய் இல்லலா. பிராக்டிஸ்."

அதற்குப் பிறகு அவள் எல்லோரையும்விட நன்றாகச் செய்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐந்தும் வரிசையாக வரும். எனக்கு அதில் பெருமைதான்.

இந்த வருஷம் கோப்பை வராவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு மைதானத்தை கார் நிறுத்துமிடமாக்கப் போவதாக நிர்வாகம் கடிதம் கொடுத்திருந்தது. பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்துச் செய்தேன் என்று நான் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். ஆனால் பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும். எனக்குத்தான் வேறெதுவும் தெரியாது. ஏழு முறை இரண்டாம் இடம் வந்தவள் நான். இரண்டாம் இடம் என்பது எப்படி இருக்கும் தெரியுமா, தம்பி? கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகு போய் நிற்பது மாதிரி இருக்கும்.

அரையிறுதி சனிக்கிழமை, மாக் மண்டின் பக்கத்து மைதானத்தில் நடந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணிப் பெண் மட்டையை முழுச் சுற்றுச் சுற்றினாள். பந்தில் படவில்லை, சுற்றி வந்து ஷாஹிராவின் தலைக்கவசத்தில் பட்டது. சட்டி விழுந்த சத்தம். ஷாஹிரா பக்கவாட்டில் சாய்ந்து அரை நிமிஷம் கிடந்தாள். இர்வான் தாளோடு ஓடினான். அவள் கண்ணைத் திறந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தேதி, எதிரணி, மாதங்கள், ஐந்து சொற்கள். நான் இந்தப் பக்கம் நின்று அவளோடு வாயசைத்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ், கோச்" என்று இர்வான் திரும்பிச் சிரித்தான். "ஆரம்பத்துல எடுத்ததவிட ரெண்டு மார்க் கூடவே எடுத்துருக்கா."

அடிபட்ட தலை எப்படி அதிக மதிப்பெண் வாங்கும் என்று அவன் யோசிக்கவில்லை. நல்ல பையன். நல்ல பையன்கள் அப்படித்தான்.

அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். திரும்பும்போது பேருந்தை நிறுத்தச் சொல்லி ஷாஹிரா இறங்கி வாந்தி எடுத்தாள். மத்தியானம் சாப்பிட்ட நாசி லெமாக் சேரவில்லை என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். அன்று சாயங்காலம் எங்கள் பந்துவீச்சாளர் புஷ்பவள்ளி என்னைத் தேடி வந்தாள். விடுதியில் இருவரும் ஒரே அறை.

"கோச், ஷாஹிரா ஒரு மாதிரியா இருக்கா. பேக் எங்க, பேக் எங்கன்னு தேடிக்கிட்டே இருக்கா. பேக் அவ தோள்ல தொங்குது."

"களைப்புடா. தூங்கச் சொல்லு."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமா?"

"ஃபைனலுக்கு முன்னாடி எல்லாருக்கும் இப்படித்தான். நீ போய் உன் தோளுக்கு ஐஸ் வை."

புஷ்பவள்ளி வீசும் பந்து கடைசி நேரத்தில் மேலே எழும்பும். அதைப் பிடிக்க எங்களிடம் ஷாஹிராவை விட்டால் ஆள் கிடையாது. மாற்று கேட்ச்சர் முதலாமாண்டுப் பெண். பத்தில் நான்கைக் கோட்டைவிடுவாள். நான் ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

மறுநாள் இறுதி ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸ் வரை ஷாஹிரா ஒரு பந்தையும் தவறவிடவில்லை. அப்போது எதிரணிப் பெண் ஒருத்தி ஓடி வந்து சறுக்கினாள், தோள் ஷாஹிராவின் தாடையில் பட்டது. பெரிய மோதல் இல்லை. வீடியோ இருக்கிறது, பாருங்கள். ஷாஹிரா அவளைத் தொட்டு அவுட்டாக்கினாள். பிறகு எழுந்து, யாருமே நிற்காத ஒரு பக்கமாகப் பந்தை எறிந்தாள். அப்புறம் மெதுவாக மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

இர்வான் ஓடிப்போய் மண்டியிட்டான். அவன் கேட்கும் முன்னாலேயே அவள் ஐந்து சொற்களையும் சொன்னாள். அவனுக்கு என்னவோ தட்டியிருக்க வேண்டும். தாளைக் கீழே வைத்துவிட்டு, "உன் அம்மா பேர் என்ன?" என்று கேட்டான். அந்தக் கேள்வி தாளில் கிடையாது. அவள் திரும்பவும் லிமாவ், சிக்காட், செலிமுட் என்று ஆரம்பித்தாள். பூரோங் வரை தெளிவாகச் சொன்னாள். அவள் வலது கண்மணி பெரிதாகியிருந்தது. இர்வான் ஆம்புலன்ஸ் என்று கத்தினான்.

ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று நடுவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். மாற்று கேட்ச்சரை இறக்கினேன். மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. கோப்பை காரின் பின்பக்கம் இருந்தது. அதை உள்ளே எடுத்துப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மூளை வீங்கிவிடுமாம். டாக்டர் பெற்றவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். நோர்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. பயிற்சியாளர் வகுப்பில் அதைப் படம் போட்டே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் அந்த வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். ஷாஹிரா புதன்கிழமை காலை இறந்தாள். இருபது வயது.

அவள் இறந்த பிறகு வந்த சனிக்கிழமை கோயிலுக்குப் போய் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டது, ஞாயிறு பூசைக்குப் போகாதது, புறம் பேசியது எல்லாவற்றையும் ஃபாதரிடம் சொன்னேன். இதைச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் நினைவு வந்தது.

ஆஸ்பத்திரி நடையில் ஷேக் அலாவுதீன் அண்ணன் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், புள்ள உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னுச்சா? வலிக்குது, முடியலன்னு? எங்ககிட்ட வாயே தொறக்கல. சொல்லியிருந்தா நான் விட்டிருப்பனா?"

"ஒண்ணும் சொல்லல, அண்ணே."

அவர் தலையாட்டிவிட்டுப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்து எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஷாஹிரா மறைத்துவிட்டாள், பிடிவாதக்காரி, ஆட வேண்டும் என்ற ஆசையில் எல்லோரையும் ஏமாற்றிவிட்டாள் என்கிறார்கள். கல்லூரி அறிக்கையிலும் இர்வான் பெயருக்குக் கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறது. நேற்று அதைப் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நீங்கள் கூப்பிடாமலே நான் வந்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

இறுதி ஆட்டத்தன்று காலை ஏழரை மணிக்கு, மற்றவர்கள் பேருந்திலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஷாஹிரா என்னிடம் தனியாக வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு காலில் சப்பாத்துக் கயிறு கட்டப்படாமல் இழுபட்டது.

"கோச், பந்து ரெண்டா தெரியுது. பயமா இருக்கு. இர்வான் அண்ணன்கிட்ட சொல்லிடவா?"

நான் குனிந்து அவள் கயிற்றைக் கட்டிவிட்டேன்.

"ரெண்டா தெரிஞ்சா நடுவுல கைய வை. ஏழே ஏழு இன்னிங்ஸ். இர்வான்கிட்டப் போகாத."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரி, கோச்" என்று முகக்கூண்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். சொன்னபடியே நடுவில் கை வைத்து ஐந்து இன்னிங்ஸ் பிடித்தாள்.

ஆகையால் இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. அந்தப் பெண் யாரையும் ஏமாற்றவில்லை. அவள் சொன்னாள், எனக்குத் தெரியும், தெரிந்துதான் இறக்கினேன். கல்லூரிக்காரர்களுக்கு என்ன தெரியும்? பத்தொன்பது வருஷத்தில் என் பிள்ளைகள் ஒருத்தியும் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.